ஓய்வுப்பொழுதும் அயலகத் தமிழரும்: ப. சிங்காரத்தின் பினாங்குப் பக்கங்கள்

வேற்று நாட்டில் வாழ்பவர் தம் வேலை நேரத்தில் என்ன செய்தார் என்பதைப் பேரேடுகளிலிருந்தும் அரசாங்கப் பதிவுகளிலிருந்தும் ஓரளவு அறிந்துகொள்ளலாம். வேலை முடிந்த பின் எங்கே அமர்ந்தார், யாருடன் பேசினார், எதை எண்ணிச் சிரித்தார் என்பனவற்றை அறிய இலக்கியத்தையே நாட வேண்டியுள்ளது. ஜப்பானைப் பொறுத்தவரை இத்தகைய எழுத்து தமிழில் முன்னதாகவே தோன்றிவிட்டது. 1930களில் டோக்கியோவில் புகைப்படக்கலை பயின்ற ஏ. கே. செட்டியார் அந்நாட்டைப் பற்றி அப்பத்தாண்டிலேயே எழுதினார். தி. ஜானகிராமனின் பயண நூலாகிய 'உதயசூரியன்' 1967இல் வெளிவந்தது. ஒருவர் மாணவராகச் சென்றவர். மற்றவர் விருந்தினராகச் சென்று திரும்பியவர். ஆயினும் இருவருக்கும் பொதுவானதொன்று உண்டு. பார்ப்பதற்கான நேரம் இருவரிடமும் இருந்தது. தெருவில் நின்று வேடிக்கை பார்ப்பது கடைச் சிப்பந்திக்குக் குற்றம். பயண நூலாசிரியருக்கோ அதுவே தொழில்.

ஜப்பானுக்குச் செல்லாமலேயே ஜப்பானிய ஆட்சிக்குள் வாழ நேர்ந்த தமிழர் பலர். 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜார்ஜ் டவுன் தெருக்களின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. பிரிட்டிஷார் ஐரோப்பியரை மட்டும் ஏற்றிக்கொண்டு தீவை விட்டு வெளியேறினர். டிசம்பர் 19இல் ஜப்பானியப் படை உள்ளே வந்தது. 1945 செப்டம்பர் வரை பினாங்கு அவர்கள் கையில் இருந்தது. தீவுக்குத் தங்கள் பிரதமர் தோஜோவின் பெயரையே அவர்கள் சூட்டினர். மலாயாவின் கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்தள்ளப்பட்டு டோக்கியோ நேரத்திற்கு மாற்றப்பட்டன. அதனால் ஏறக்குறைய எட்டு மணிக்கே சூரியன் உதித்தது. பொழுதையே மாற்றிவிட்ட அவ்வாட்சியில் அயலகத் தமிழர் தம் பொழுதை எவ்வாறு கழித்தனர் என்னும் வினாவோடு ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) ஆகிய இரு நாவல்களையும் நாம் மீண்டும் படிக்க விரும்புகிறோம்.

இவ்விரு நாவல்களைப் பற்றியும் எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை போரையும் இந்திய தேசிய இராணுவத்தையும் நாயகனின் வீரத்தையும் அவனுடைய வெறுமையையும் பேசுகின்றன. நண்பர்கள் கூடிப் பேசிக் குடித்துச் சிரிக்கும் நீண்ட பக்கங்களைக் கதையோட்டத்திற்குத் தடை என ஒதுக்குவாரும், மொழித்திறனுக்காக மட்டும் பாராட்டுவாரும் உள்ளனர். அப்பக்கங்களே நாவலின் நடுமையம் என்பது நம் கருத்து. அவற்றை நீக்கிப் படித்தால் எஞ்சுவது விறுவிறுப்பான சாகசக் கதை ஒன்றே.

கிட்டங்கியின் நேரம்

சிங்காரம் சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். 1938இல் மேடான் நகருக்குச் சென்று வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் தினத்தந்தி நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றி, 1997இல் மறைந்தார். தாம் எழுதிய கடை வாழ்வை உள்ளிருந்தே அறிந்தவர் என்பதற்கு இச்செய்திகள் போதும்.

பினாங்குத் தெருவிலும் அதனை அடுத்த தெருக்களிலும் இருந்த கிட்டங்கிகளில் வேலைக்கும் இருப்பிடத்திற்கும் இடையே சுவர் இல்லை. பகலில் பெட்டியடியாக இருக்கும் தரையே இரவில் படுக்கையாகும். கைப்பெட்டியும் சாய்மேசையும் பாயும் ஆளுக்கொன்று. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என்னும் வரிசை உணவு நேரத்திலும் கலைவதில்லை. மூன்றாண்டுக் கணக்கு முடிந்தால் ஊருக்குப் பயணம். பின்னர் மீண்டும் கப்பல். நகரத்தார் வகுத்த இம்முறையைப் பிற சாதியினர் நடத்திய கடைகளும் பின்பற்றின. 'கடலுக்கு அப்பால்' நாவலின் வயிரமுத்துப் பிள்ளை நடத்தும் கடையும் இத்தகையதே.

இவ்வமைப்பில் ஓய்வு என்பது சிப்பந்தியின் உரிமையாக இருக்கவில்லை. மேலாளின் கண் மறைவில் கிடைக்கும் சில்லறையாகவே இருந்தது. கடன் வசூலிக்கச் சென்ற வழியில் ஒரு காப்பி, கடிதம் சேர்ப்பிக்கும் சாக்கில் கடற்கரையில் கால்மணி நேரம் என அது கிடைக்கும். ஊரறிந்த பெரிய ஓய்வு தைப்பூசம். 1894இல் தமிழகத்திலிருந்து வந்து சேர்ந்த வெள்ளித்தேர் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும்போது கடைகள் சாத்தப்படும். அந்த ஓய்வுங்கூட முறை வகுக்கப்பட்ட ஓய்வுதான். யார் தேருக்கு முன்னே செல்வது, யார் பந்தியில் பரிமாறுவது என்பன முன்னரே முடிவானவை. அடுத்தாள் அங்கும் அடுத்தாளே.

ஈண்டு நம் அகமரபை எண்ணிப் பார்ப்பது பொருந்தும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்த தொல்காப்பியம், பெண்ணோடு கடல் கடத்தல் இல்லை என்றும் கூறுகிறது. பொருள்வயிற் பிரிந்த தலைவனுக்காக மாலைப்பொழுதில் காத்திருக்கும் தலைவியை நாம் நன்கறிவோம். பாசறையில் இருந்து அவளை நினைக்கும் தலைவனையும் அறிவோம். பொருள் தேடிச் சென்ற ஊரில் அவன் மாலையில் யாருடன் அமர்ந்து என்ன பேசினான் என்பதைச் சொல்லும் பாடலைக் காண்பது அரிது. பிரிந்து சென்றவனின் மாலை தமிழ்க் கவிதையில் பெரும்பாலும் எழுதப்படாத பொழுது. அதனை எழுதியவர் சிங்காரம். இவ்வொப்புமையை மிகைப்படுத்த வேண்டியதில்லை. எனினும் சங்கப் பாடல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்நாவலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயன் உண்டு.

கணக்கு நின்ற காலம்

ஜப்பானியர் வருகை வட்டிக்கடையை எவ்வாறு பாதித்தது என்பதை விளங்கிக்கொள்ளாமல் இந்நாவல்களின் ஓய்வுப்பொழுதை விளங்கிக்கொள்ள முடியாது. இரப்பரும் ஈயமும் ஏற்றுமதியாகாத நாட்டில் கடன் வாங்குவோர் குறைந்தனர். வாழைமரப் படம் பொறித்த ஜப்பானிய நோட்டுகள் பெருகப் பெருக அவற்றின் மதிப்பு இறங்கியது. அந்த நோட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து பழைய வெள்ளிக் கடன்களைத் தீர்த்தவர் பலர். வாங்க மறுத்தால் கெம்பித்தாய் எனப்பட்ட இராணுவப் போலீசாரின் அச்சம். 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அந்நோட்டுகள் வெற்றுத்தாளாயின. ஆட்சிக்காலத்துக் கடன்களைத் தீர்த்து வைக்கத் தனிச்சட்டமே 1948இல் இயற்ற வேண்டியதாயிற்று.

கடைக்காரர்க்கு இது பேரிழப்பு. சிப்பந்திக்கு? கணக்கெழுதும் வேலை நின்றது, கப்பல் நின்றது, ஊரிலிருந்து கடிதம் வருவதும் நின்றது. மூன்றாண்டுக் கணக்கு எப்போது முடியும் என்று சொல்ல எவரும் இல்லை. இருபது வயதைத் தாண்டிய இளைஞர் கூட்டம் ஒன்று வாழ்வில் முதன்முறையாகப் பொழுது மிகுந்தவர்களாக மாறியது. விரும்பிப் பெற்ற ஓய்வு அன்று அது. பசியும் அச்சமும் கலந்த ஓய்வு. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு நாளைக்கு என்ன நடக்கும் என்று அறியாது உட்கார்ந்திருக்கும் ஓய்வு. ஆயினும் அந்த இடைவெளியில்தான் அடுத்தாள் தன்னை அடுத்தாளாக அல்லாமல் வேறொருவனாக எண்ணிப் பார்க்கத் தொடங்கினான். சிங்காரம் இதனை ஓரிடத்திலும் வெளிப்படையாக விளக்குவதில்லை. நிகழ்ச்சிகளின் அடுக்கிலேயே காட்டிவிடுகிறார். அவருடைய இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்வதற்கு நாட்டுப்பற்று ஒரு காரணம். கடைத்தரையிலிருந்து எழுந்து நிற்கும் வாய்ப்பு மற்றொரு காரணம். பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் இங்கே நடத்திய சுயராஜ்யப் பயிற்சி நிலையம் போன்றவற்றுக்கு இளைஞர் கிடைத்ததை வரலாற்றாசிரியர் அரசியலாகவே விளக்குவர். நாவலாசிரியர் அதற்கு முன்னிருந்த வெறும் மாலைகளைக் காட்டுகிறார்.

இக்கருத்துக்கு வலுவான சான்று 'கடலுக்கு அப்பால்' நாவலின் முடிவில் உள்ளது. போர் முடிந்து கடைக்குத் திரும்பும் செல்லையா, பிள்ளையின் மகள் மரகதத்தை மணக்க விரும்புகிறான். பிள்ளை மறுக்கிறார். அவன் ஒழுக்கத்தில் அவர் குறை காணவில்லை. திறமையையும் அவர் அறிவார். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனிப் பெட்டியடியில் பொறுமையாக உட்கார மாட்டான் என்பதே அவருடைய முடிவு. இதனைக் கொடுமை என்று மாணவர் உடனே சொல்வர். நாம் அவ்வளவு விரைந்து தீர்ப்புக் கூற மாட்டோம். பிள்ளை தம் தொழிலை அறிந்தவர். பொழுதைத் தனதாக உணர்ந்துவிட்ட ஒருவனைக் கொண்டு அக்கடையை நடத்த முடியாது என்பதை அவர் சரியாகவே கண்டுகொண்டார். செல்லையாவும் அதனை உணர்ந்து விலகுகிறான். அதனால்தான் அம்முடிவு கண்ணீர்க் கதையாகச் சரிந்துவிடாமல் நிற்கிறது.

மதுக்கடைப் பேச்சு

'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் சுமத்திராவின் மேடானிலிருந்து தொங்கானில் கடல் கடந்து பினாங்கிற்கு வருகிறான். நாவலுக்குப் பெயர் தந்த புயல் இப்பயணத்தில்தான் வீசுகிறது. புயலைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. கரை சேர்ந்த பின் பினாங்கில் நிகழும் பேச்சுகளை நாம் கவனிப்போம்.

மாணிக்கமும் பாண்டியனும் பிற நண்பர்களும் குடித்தபடியே பேசுகின்றனர். பேச்சு எங்கிருந்தோ தொடங்கி எங்கோ செல்கிறது. மதுரையின் வீதிகளும் கடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் எழுகின்றன. ஊர்ச் சந்தை வருகிறது. அங்கு விற்பவர் குரல் வருகிறது. பின்னர் பேச்சு தமிழ்ப் பெருமைக்குத் தாவுகிறது. சங்கப் புலவர் முதல் சிலப்பதிகாரம் வரை எதுவும் மாணிக்கத்தின் கேலிக்குத் தப்புவதில்லை. மரபுத் தொடர்கள் திரிந்தும் உடைந்தும் வேடிக்கையாக வெளிவருகின்றன. அன்றைய தமிழ் மேடைகளில் ஓங்கி ஒலித்த பழம்பெருமையை இவ்வளவு கூர்மையாகக் கிண்டல் செய்த பகுதி அக்கால நாவல்களில் வேறு உண்டா என்பது ஐயமே. தமிழாசிரியர்களாகிய நம்மை இக்கேலி சுடவே செய்யும். சுட்டும் சிரிக்க வைக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

இப்பேச்சை வெறும் அங்கதம் எனக் கொள்வது போதாது. யார் பேசுகிறார், எங்கே பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். பேசுபவர் பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர், வட்டிக்கடையில் கணக்கெழுதியவர். பேசும் இடம் ஜப்பானியர் ஆளும், சீனர் மிகுதியாக வாழும், மலாய்மொழி வழங்கும் தீவு. அங்கே சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசிச் சண்டையிடுவதால் அவர்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் ஒன்றுமில்லை. ஆதாயமில்லாத பேச்சு என்பதே அதன் சிறப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் வட்டி கணக்கிடும் உலகத்தில் வாழ்ந்தவர்கள் வட்டியில்லாமல் சொற்களைச் செலவிடுகின்றனர். கேலி செய்யும் அளவுக்கு அவ்விலக்கியத்தை அவர்கள் மனப்பாடமாக அறிந்திருக்கின்றனர் என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஊரை விட்டு வந்தவனுக்குக் கையோடு கொண்டுவர முடிந்த சொத்து அது.

நடையும் இதற்கு ஏற்ப அமைகிறது. மலாய், டச்சு, சீனச் சொற்களும் நகரத்தார் கடைவழக்கும் செந்தமிழும் ஒரே பத்தியில் விளக்கமின்றி நெருங்கி நிற்கின்றன. தமிழகத்து வாசகர் பலருக்கு இது கடினம் என்பர். பினாங்கில் வாழும் நமக்கோ இது அன்றாடம் காதில் விழும் தமிழுக்கு வெகு அருகில் உள்ளது. ஏ. கே. செட்டியார் தெளிவான, சிறு சிறு தொடர்களில் எழுதியவர். தாம் கண்டதை ஊரில் உள்ளவர்க்கு எடுத்துச் சொல்வது அவர் நோக்கம். சிங்காரத்தின் மாந்தர் ஊரில் உள்ளவர்க்கு எதையும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. தமக்குள் பேசுகின்றனர். பயணியின் தமிழுக்கும் குடியிருப்பவனின் தமிழுக்கும் உள்ள வேறுபாடு இதுவே எனலாம்.

குறையும் உண்டு. மாணிக்கத்தின் பேச்சு சில இடங்களில் மாணிக்கத்துடையதாக இல்லாமல் ஆசிரியருடையதாக ஆகிவிடுகிறது. 1960களின் தமிழக அரசியல் மேடையை மனத்தில் கொண்டு எழுதியதன் சுவடு போர்க்காலத்துப் பினாங்கில் தெரிகிறது. நாவல் 1962 அளவில் மதுரையில் இருந்து எழுதப்பட்டது என்பதை நினைத்தால் இது வியப்பன்று. ஆனாலும் மறைக்க வேண்டிய குறை அன்று.

யாருடைய ஓய்வு?

இந்நாவலை வகுப்பில் படிக்கும்போது தோட்டப்புறக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எங்கள் பாட்டன்மார் இதில் எங்கே? இதற்கு நேர்மையான விடை, அவர்கள் பெரும்பாலும் இல்லை என்பதே. செல்லையாவும் பாண்டியனும் மாலைப்பொழுதில் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட 415 கிலோமீட்டர்ப் பாதை அது. நோயாலும் பட்டினியாலும் இறந்தவர்க்கு முறையான கணக்கே இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' (2005) ஆகிய மலேசிய நாவல்கள் அவ்வாழ்வைச் சொல்கின்றன. அங்கே ஓய்வு என்ற சொல்லுக்கு நோய் என்று பொருள். வேலைக்குப் போக முடியாத அளவுக்கு உடல் விழுந்தால் கிடைப்பது.

இதனைக் காட்டிச் சிங்காரத்தைப் புறந்தள்ளுவாரும் உண்டு. அவருடைய நாவல்கள் மலேசியத் தமிழ் இலக்கியத்தைச் சேர்ந்தவை அல்ல, வழிப்போக்கர் ஒருவரின் நினைவுகள் என்று அவர்கள் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. வட்டிக்கடையும் தோட்டமும் ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகள்; தோட்டங்களுக்கும் கடன் தந்தது அக்கடை. ஒரு முனையின் மாலையைச் சிங்காரமும் மறுமுனையின் பகலைச் சண்முகமும் எழுதினர். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பித்தால் மாணவனின் கேள்விக்கு முழு விடை கிடைக்காவிட்டாலும், கேள்வி சரியான இடத்தில் நிற்கும்.

பெண்களைப் பொறுத்தவரை நமக்கு இவ்வளவு பொறுமை இல்லை. இவ்விரு நாவல்களிலும் ஓய்வு ஆணுக்குரியது. மரகதம் வீட்டுக்குள் காத்திருக்கிறாள். சங்கத் தலைவியின் மாலை அவளுக்கு. பிற பெண்கள் ஆண்களின் ஓய்வுக்கு வாய்த்த பொருளாகவே பல பக்கங்களில் வந்து போகின்றனர். அவர்களுடைய பொழுது எவ்வாறு கழிந்தது என்று ஆசிரியர் கேட்கவில்லை. ஜார்ஜ் டவுனின் சிந்த்ரா தெருவை ஹொக்கியன் மொழியில் 'ஜப்பான் தெரு' என்றும், அதனருகே உள்ள கம்போங் மலபாரை 'ஜப்பான் புதுச்சாலை' என்றும் சீனர் வழங்கினர். போருக்குப் பல ஆண்டுகள் முன்னரே அங்குத் தொழில் செய்தவர்களுள் ஜப்பானின் ஏழைக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள் இருந்தனர். அவர்களும் அயலகத்தில் வாழ்ந்தவர்களே. மலபார் மண்ணின் பெயரும் ஜப்பானின் பெயரும் ஒரே தெருவுக்கு வாய்த்த அத்தீவைக் களமாகக் கொண்ட நாவலாசிரியர் ஒருவர் அப்பக்கம் சற்றே திரும்பிப் பார்த்திருக்கலாம்.

இப்போதைய பினாங்கில் ஜப்பானியர் பலர் குடியிருக்கின்றனர். பணி ஓய்வு பெற்று வந்து தங்கியவரும் அவர்களுள் உண்டு. ஜூலை மாத அளவில் பாடாங் கோத்தா லாமா திடலில் பொன் ஓடோரி விழா நடைபெறும்போது மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் மேடையைச் சுற்றி அவர்களோடு ஆடுகின்றனர். 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்ட பின் பழைய கடைவீடுகள் பல விடுதிகளாகவும் காப்பிக்கடைகளாகவும் மாறியுள்ளன. ஒரு காலத்தில் அடுத்தாள் பாய் விரித்த தரைகளைப் போன்ற தரைகளில் இன்று வெளிநாட்டுப் பயணிகள் விடுமுறையைக் கழிக்கின்றனர். மாணவர்களை நாவலோடு அத்தெருக்களுக்கு அழைத்துச் சென்றால் பாதிப் பாடம் நடந்துவிடும்.

எஞ்சுவது பாடத்திட்டச் சிக்கல் ஒன்று. 'புயலிலே ஒரு தோணி'யிலிருந்து பகுதி தேர்ந்தெடுக்கும்போது கடற்புயலையோ இராணுவ முகாமையோ எடுப்பதுதான் வழக்கம். தேர்வு வினா அமைக்க அவை எளியவை. மதுக்கடைப் பேச்சில் வினா அமைப்பது கடினம். குடியும் கேலியும் உள்ள பகுதியை வகுப்பில் வைக்கலாமா என்ற தயக்கமும் ஆசிரியர்க்கு உண்டு. மதுரை வீதிகளை நண்பர்கள் நினைவுகூரும் பக்கங்களை மட்டுமேனும், வெட்டாமல், பத்துப் பக்கமாயினும் முழுமையாகப் பட்டப்படிப்பு மாணவர்க்கு வைக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. அப்பக்கங்களில் எதுவும் நிகழ்வதில்லை என்ற மறுப்பு எழும். எதுவும் நிகழாத ஒரு மாலை அந்தக் கடைச் சிப்பந்திகளுக்கு எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைத்தது என்று மாணவர்களைக் கணக்கிடச் சொல்லலாம்.